ஹெடர் பூட்டிய கார்

நிலாணி கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அப்ப கார் செய்த கொம்பனிக்காரனுக்கு உது தெரியாமலே போச்சுது?"

கேட்டது தன் கணவன் பிரியந்தனை. அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கைபேசியில் படங்காட்டி விளக்கிக்கொண்டிருந்தான். எஞ்சினும் மனிதரைப் போலத்தானாம், இழுத்த மூச்சை வெளியே விடவேண்டுமாம். கம்பனி பூட்டி அனுப்புவது ஒரு வார்ப்பிரும்புத் துண்டு. நாலு சிலிண்டரின் புகையும் அதற்குள் முட்டி நெரிபட்டுத்தான் வெளியே போகும். ஹெடர் என்றால் நாலுக்கும் நாலு தனிக் குழாய், வழவழவென்று வளைந்து வந்து கடைசியில்தான் ஒன்றுசேரும். புகை தடங்கலில்லாமல் போனால் எஞ்சினுக்கு வலு கூடும்.

"கொம்பனிக்காரன் செலவைப் பாப்பான், சத்தம் வராமல் பாப்பான். ஓடுறவன்ர சுகத்தை அவன் ஏன் பாக்கப்போறான்?" என்றான்.

ஆண்பிள்ளைகள் ஒரு சாமானை வாங்குவதென்று முடிவெடுத்த பிறகுதான் அதன் நன்மை தீமைகளை ஆராயத் தொடங்குவார்கள். பிரியந்தனும் ஆராய்ந்தான். வெக்ஸ்போர்ட்டில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் மரியோவிடம்தான் முதலில் போனான். மரியோ படத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ரேஸ் ஓடுகிறவன் எஞ்சினை உச்சத்தில் வைத்து ஓடுகிறான், காரின் கணினியையும் அதற்கேற்ப மாற்றுகிறான், அவனுக்கு இது பிரயோசனம். நீ லோரன்ஸ் வீதியில் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்குப் போகிறவன், உனக்குக் கிடைக்கப்போவது சத்தம் மட்டும்தான் என்றார். பூட்டித்தான் தீருவேன் என்றால் பொருத்தில் புகை கசியாமல் அடைக்கும் காஸ்கெட்டைப் புதிதாகப் போடு, கொஞ்சநாள் ஓடிவிட்டு நட்டுகளை மறுபடி இறுக்கு, இரும்பு சூடாகி ஆறிச் சூடாகி ஆறி இளகிப்போகும் என்றும் சொல்லி அனுப்பினார். பிரியந்தன் வீட்டுக்கு வந்து சொன்னது வேறு.

"மரியோவுக்கு வயசு போட்டுது."

ஆகவே, அஜின்கோர்ட்டில் இருக்கும் நண்பன் அபிஷனின் வீட்டுக் கராஜில், நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைப் பூட்டினார்கள். காஸ்கெட் புதிதாகத்தான் போட்டார்கள், அந்த மட்டில் பாராட்டலாம். கூடவே, புகையை அளந்துகாட்டும் ஒரு சின்ன மீற்றரையும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதற்கு வயர் இழுக்க, எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஒரு ரப்பர் மூடியைக் கழற்றினார்கள். வயர் மெல்லியது, ஓட்டை பெரியது.

"பிறகு அடைப்பம்," என்றான் அபிஷன்.

நட்டு இறுக்குவதும் பிறகுதான். பிறகு பனி கொட்டத் தொடங்கிவிட்டது. விரல் விறைக்கும் குளிரில், வீட்டு வாசலில் கார் விடும் டிரைவ்வேயில் மல்லாந்து கிடந்து ஸ்பனர் பிடிக்க யாருக்கு மனம் வரும்? மார்ச்சில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டான்.

கார் பறந்தது என்று அவன் சொன்னான். நிலாணிக்கு அது முன்பு ஊர்ந்த மாதிரியேதான் ஊர்ந்தது. ஆனால் சத்தம் கூடியது உண்மை. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக அவன் தன் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் இடைவெளிக்குத் திறந்துவைத்துத்தான் ஓட்டினான். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் அந்த உறுமலுக்கு நடுவே இன்னொரு சத்தம் வந்தது. டிக், டிக், டிக் என்று அடித்து, எஞ்சின் சூடாகியதும் அடங்கிவிடும்.

"உது என்ன சத்தம்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"குளிருக்கு. எல்லா ஹெடரும் உப்பிடித்தான்."

நிலாணி அஜின்கோர்ட்டில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். பிரியந்தன் வேலைக்குப் போகும் வழியில் அவளை இறக்கிவிடுவான். காலையில் அவன் காரை ஸ்டார்ட் பண்ணி ஹீற்றரைப் போட்டு, "நீர் உள்ள ஏறி இரும், குளிரும்," என்பான். அவள் கதவை இறுகச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். அவன் வெளியே நின்று கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுவான், டிரைவ்வேயை வழிப்பான். கட்டிய பெண்சாதியை இப்படித் தாங்குகிற புருசன் எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்று எதிர்வீட்டு ஷாமிலாகூட ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

டிசம்பர் தொடக்கத்தில் நிலாணிக்குத் தலையிடி தொடங்கியது. வேலைக்குப் போய் இறங்கியதும் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும். பிறகு குமட்டல் வந்தது. ஒரு காலை கிளினிக்கின் கழிவறையில் சத்தி எடுத்தாள். கார் மணத்தாலே அவளுக்கு வயிற்றைப் பிரட்டியது. கண்ணாடியில் தொங்கிய சந்தன வாசனை அட்டையைக் கழற்றி எறிந்தாள், அப்படியும் தீரவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் செற்றியில் சரிந்துவிடுவாள்.

வீட்டில் இன்னொருத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியந்தனின் தாய் சந்திரவதனா.

ஆறு வருடமாகச் சந்திரவதனா ஒன்றே ஒன்றுக்குத்தான் காத்திருந்தாள். அதைப்பற்றி மருமகளிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை, அந்த நல்ல குணத்தை நிலாணி நன்றியோடு நினைப்பதுண்டு. வாய் திறக்காத வேண்டுதலெல்லாம் கோயிலில்தான் நடந்தது. நேர்த்தி வைத்தாள், விரதம் பிடித்தாள், தெரிந்த சாமி தெரியாத சாமி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இப்போது மருமகளுக்குக் காலையில் சத்தி, மணம் பிடிக்கவில்லை, தலைச்சுற்று, சோர்வு. அவளுக்கு இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மூன்று மாதம் முடியும்வரை அதை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் நாவூறு படும், வந்தது தங்காது. எங்கள் சனத்தின் வழக்கம் அது, கடல் தாண்டி வந்தும் மாறவில்லை. ஆகவே சந்திரவதனா எதுவும் சொல்லவில்லை. வீட்டில் சாம்பிராணி போடுவதை நிறுத்தினாள். உடுப்புக் கூடையை நிலாணியின் கையிலிருந்து பறித்துத் தானே நிலவறைக்குக் கொண்டுபோனாள். தேசிக்காய் ஊறுகாய் போட்டு மேசையில் வைத்தாள். பிரியந்தனைக் குசினிக்குள் கூப்பிட்டு, "தம்பி, பிள்ளையைக் குளிரில விடாதை. காரை முதலே நல்லாச் சூடாக்கிப்போட்டு ஏத்து," என்றாள். தாயின் முகத்தைப் பார்த்தே பிரியந்தனுக்கு விளங்கிவிட்டது. அடுத்தநாளிலிருந்து அவன் இன்னும் முந்தியே எழும்பினான், இன்னும் கூடுதல் நேரம் காரை ஓடவிட்டான். நிலாணி இன்னும் கூடுதல் நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

நிலாணிக்கு எல்லாம் விளங்கியது. அவளுக்கு மாதவிலக்கு என்றும் ஒழுங்காக வந்ததில்லை, இந்தமுறையும் தள்ளித்தான் போயிருந்தது. கடையில் ஒரு பெட்டி வாங்கிச் சோதித்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பெட்டிகளோடு அவளுக்கு ஆறு வருடப் பழக்கம். ஒற்றைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அலுத்தவளுக்கு இன்னொரு முறை பார்க்கத் தைரியம் இல்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைப் பொய் என்று காட்டுவானேன்? இருக்கட்டும், இன்னும் கொஞ்சநாள் இருக்கட்டும் என்று விட்டாள். அந்த வீட்டில் அப்படியொரு சந்தோசம் அதுவரை இருந்ததில்லை, அதைக் கலைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

தைப்பொங்கல் முடிந்த கையோடு பிரியந்தனை வேலையிடத்தில் ஒரு வாரப் பயிற்சிக்கு மொன்ரியலுக்கு அனுப்பினார்கள். கார் டிரைவ்வேயில் பனி மூடிக் கிடந்தது. நிலாணி பஸ்ஸில் வேலைக்குப் போனாள். அந்த வாரம் முழுவதும் அவளுக்குத் தலையிடி இல்லை, சத்தி இல்லை. புதன்கிழமை இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

"இனி அப்பிடித்தான் தெளியும்," என்றாள் சந்திரவதனா, சாடையாக. நிலாணியும் தலையாட்டினாள்.

பிரியந்தன் திரும்பி வந்தான். திங்கட்கிழமை காலை கார் உறுமியது, டிக் டிக் என்றது, அவள் உள்ளே ஏறி இருந்தாள். கிளினிக்கில் இறங்கும்போது தலை பிளந்தது.

அன்று பின்னேரம் ஒரு சின்னச் சம்பவம். சந்திரவதனா சாமித்தட்டுக்கு மின்விளக்குப் பூட்ட இடம் தேடி, நடையின் சுவரில் செருகியிருந்த வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பிடுங்கி, "இதை எங்கையேன் வை பிள்ளை," என்று நிலாணியின் கையில் கொடுத்தாள். அது கார்பன் மொனொக்சைட் அலாரம். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருப்பது, யாரும் திரும்பிப் பார்க்காதது. நிலாணி அதைத் திருப்பினாள். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சடித்திருந்தது. நச்சுக்காற்றுப் பட்டவருக்கு என்னென்ன செய்யும் என்று: தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், வாந்தி, சோர்வு.

அவள் அந்த இடத்திலேயே நின்றாள். சந்திரவதனா பின்னால் விளக்கைப் பூட்டிவிட்டு, "வடிவாயிருக்கோ?" என்று கேட்டது காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது.

தலையிடி காரில் போன நாளில் வருகிறது. பஸ்ஸில் போன நாளில் இல்லை. சனி ஞாயிறில் இல்லை. இதை இத்தனை நாளும் ஏன் கூட்டிப் பார்க்கவில்லை என்றால், கூட்டிப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். கார்தான் காரணம் என்றால் வயிற்றில் ஒன்றுமில்லை. வயிற்றில் ஒன்று இருக்கிறதென்றால் அது இரண்டு மாதமாக எதைச் சுவாசித்தது? இரண்டு பக்கமும் அடைத்துப்போன வழி மாதிரி இருந்தது. பிரியந்தனிடம் சொன்னால் அவன் தாயிடம் சொல்வான். சொன்னபிறகு அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் அலாரத்தைத் தன் கைப்பைக்குள் வைத்தாள். அதற்குள் பட்டரி இருந்தது, சுவரில் செருகாமலும் வேலை செய்யும்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள். வழி முழுவதும் கை பையின் மேல்தான் இருந்தது. அது கத்திவிடுமோ என்று பயந்தாள். கத்தாமல் விட்டுவிடுமோ என்றும் பயந்தாள். பிரியந்தன் வழக்கம்போலக் கண்ணாடியை இரண்டு விரல் திறந்துவைத்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்டினான். எலெஸ்மியர் கடந்தது, ஷெப்பர்ட் வந்தது. பை வாய் திறக்கவில்லை.

கிளினிக்கில் இறங்கியபோது அன்றும் தலையிடித்தது. ஆனால் அலாரம் கத்தவில்லை. அப்படியென்றால் காரில் ஒன்றுமில்லை. அப்படியென்றால். அவள் கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அடிவயிற்றில் கை வைத்தாள், இந்த இரண்டு மாதத்தில் முதல்தடவையாக. வைத்தபடியே நின்று அழுதாள். அந்த அழுகை சந்தோசத்தால் வந்ததுதான்.

வீட்டுக்கு வந்து, "மாமி, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவமே?" என்று மட்டும் கேட்டாள். சந்திரவதனா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, போவம்," என்றாள். இருவரும் அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. வழக்கத்தை மீறவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பிரியந்தன் நேரத்தோடு வேலையால் வந்தான். சந்திரவதனா காலையிலிருந்து விரதம். அருச்சனைச் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீற்றில் ஏறினாள். நிலாணி பின்னால் ஏறினாள். கைப்பையைப் பக்கத்தில் போட்டாள், அதற்குள் அலாரம் இன்னும் கிடப்பதை மறந்தே போயிருந்தாள். பனி பொழிந்துகொண்டிருந்தது. கார் கிளம்பியதும் பிரியந்தன் பழக்கத்தில் கண்ணாடியை இறக்கினான்.

"தம்பி, அதை மூடு. பிள்ளைக்குக் குளிர் படும்," என்றாள் தாய்.

எந்தப் பிள்ளைக்கு என்று அவன் கேட்கவில்லை. முழுவதும் மூடினான்.

401 நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும் எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் எங்கோ ஒரு லொறி வழுக்கிக் குறுக்கே விழுந்துவிட்டதாம், பாதை முழுவதும் அடைப்பு. முன்னும் பின்னும் சிவப்பு விளக்குகள், நடுவில் இவர்கள். ஹீற்றர் முழு வேகத்தில் வீசியது. எஞ்சின் நின்ற இடத்தில் முனகிக்கொண்டிருந்தது. டிக் டிக் சத்தம் இப்போது சூட்டிலும் அடங்கவில்லை, அதை நிலாணி கவனித்தாள். கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒரு மாதிரித் தலையிடிக்குது," என்றாள் சந்திரவதனா.

"விரதமெண்டு ஒண்டும் சாப்பிடாமல் இருந்தால் தலையிடிக்காதே?" என்றான் மகன். அவன் குரலும் ஒரு மாதிரி இழுபட்டது.

கார்கள் அசையவில்லை. முன்கண்ணாடியில் பனி விழ, வைப்பர் வழிக்க, மறுபடி விழுந்தது. நேரம் எவ்வளவு போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. திடீரென்று சந்திரவதனா முன்னால் குனிந்தாள். சாமிக்கென்று கொண்டுபோன பூவும் பழமும் இருந்த பைக்குள்ளேயே சத்தி எடுத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு, வெறும் தண்ணீர்தான் வந்தது. பிறகு தலையைக் கதவில் சாய்த்தாள்.

"அம்மா," என்றான் பிரியந்தன். அவள் "ம்" என்றாள். அந்த "ம்" மிகத் தூரத்திலிருந்து வந்தது.

நிலாணி அந்தச் சாய்ந்த தலையைப் பார்த்தாள். மங்கிக்கிடந்த மூளைக்குள் ஒரு நினைப்பு மட்டும் தெளிவாக எழும்பியது. மாமி முழுகாமல் இல்லை. அறுபத்தைந்து வயதில் மாமிக்கு மசக்கை வராது. பிறகு மாமி ஏன் என்னைப்போலவே தலையிடித்து, என்னைப்போலவே சத்தி எடுக்கிறாள்?

"காரை நிப்பாட்டுங்கோ," என்றாள்.

"நிக்குதுதானே."

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ. புகை உள்ள வருது."

"விசர்க்கதை கதையாதையும். நிப்பாட்டினால் ஹீற்றர் நிண்டுபோம், எல்லாரும் விறைச்சுச் சாகிறதே?" அவன் திரும்பாமலே சொன்னான். அவன் கை ஸ்டியரிங்கிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. அதை அவன் எடுத்து வைக்கவில்லை.

அப்போதுதான் அவள் பக்கத்திலிருந்த கைப்பை கத்தியது. நாலு தரம் கீச்சிட்டு நின்றது, மறுபடி நாலு தரம்.

"உது என்ன? உம்மட ஃபோனே?"

நிலாணி சீற்றுகளுக்கு நடுவால் உடம்பை எட்டி நீட்டினாள், விரல்கள் சாவியைத் தொட்டன. தொட்ட இடத்தில் ஒரு கணம் நின்றன. இந்தச் சாவியைத் திருப்பினால் இரண்டு மாதமாக அந்த வீட்டில் இருந்த பிள்ளை இல்லாமல் போய்விடும். அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. திருப்பினாள். எஞ்சின் நின்றது, உறுமல் நின்றது, டிக் டிக்கும் நின்றது. அலாரம் மட்டும் கத்திக்கொண்டேயிருந்தது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டுதுண்டாகத்தான் ஞாபகம். கதவைத் திறந்து பனியில் கால் வைத்ததும் கால் மடிந்து விழுந்தாள். எழும்பினாள். முன்கதவைத் திறந்து மாமியின் கையைப் பிடித்து இழுத்தாள். சின்ன உடம்புதான், ஆனாலும் அசையவில்லை. பின்னால் நின்ற வேனிலிருந்து கிளிபோட் என்ற ஒரு பெரிய மனிதர் ஓடிவந்தார். அவர்தான் சந்திரவதனாவைத் தூக்கி வெளியே கொண்டுவந்து, தன் ஜக்கற்றை விரித்துப் பனியின் மேல் கிடத்தினார், பொலிசுக்கும் அம்புலன்சுக்கும் அவரே அழைத்தார். பிரியந்தன் தானாகவே இறங்கி வந்து, காரின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாயின் முகத்தைப் பார்த்தான், நெடுஞ்சாலையைப் பார்த்தான். ஒன்றும் விளங்காதவன் போல நின்றான்.

"மாமி, மூச்சை நல்லா இழுங்கோ. மாமி," என்று நிலாணி அவள் கன்னத்தைத் தட்டினாள். சந்திரவதனாவின் கண் பாதி திறந்து வானத்தைப் பார்த்தது. பனி அந்தக் கண்ணிமையில் விழுந்தது. வாய் எதையோ முணுமுணுத்தது. நிலாணி குனிந்து கேட்டாள். முருகா என்றது மட்டும் விளங்கியது, மற்றது விளங்கவில்லை.

தீயணைப்புப் படையினர் பாதையோரத்தால் நடந்தே வந்து சேர்ந்தார்கள். ஒருவர் காருக்குள் ஒரு கருவியை நீட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை வெளியே எடுத்தார். எஞ்சின் மூடியைத் திறந்து வெளிச்சம் பிடித்தார். ஹெடர் எஞ்சினோடு சேரும் இடத்தில் இரண்டு நட்டுகள் இளகி, சுற்றிவரக் கரி படிந்திருந்தது. தகட்டிலிருந்த ஓட்டையையும் விரலால் தொட்டுக் காட்டினார். செவ்வாய்க்கிழமை இந்த அலாரம் ஏன் கத்தவில்லை என்று நிலாணி கேட்டாள். காற்றில் நஞ்சு கொஞ்சமாக இருந்தால் இது கனநேரம் பொறுத்துத்தான் கத்தும், ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தால் இன்னும் பிந்தும், கத்தவில்லை என்பதால் நஞ்சு இல்லையென்று ஆகாது என்றார் அவர். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நிலாணிக்குக் கழிவறையில் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்ற தன் கை ஞாபகம் வந்தது.

மருத்துவமனையில் மூவருக்கும் முகமூடி மாட்டி ஒக்சிசன் கொடுத்தார்கள். மூன்று கட்டில், நடுவே நிலாணி. இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். நீலச் சட்டை போட்ட ஒரு நேர்ஸ் அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்விதான். நிலாணி முகமூடிக்குள்ளால் தெரியாது என்றாள். நேர்சின் முகம் மாறியது. இருந்தால் எங்களுக்கு உடனே தெரியவேண்டும், அந்த நஞ்சு தாயின் இரத்தத்தை விடப் பிள்ளையின் இரத்தத்தில்தான் இறுகப் பிடிக்கும், விட்டும் போகாது, வேறு வைத்தியம் செய்யவேண்டும் என்று சொல்லி, அதற்கும் சேர்த்துச் சோதிக்க ஓடினாள்.

காத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒக்சிசன் சீறியது.

பிரியந்தன் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினான். "நட்டை நான் திருப்பி இறுக்கேல்ல," என்றான். "மரியோ சொன்னவர். நான் இறுக்கேல்ல."

"அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டதுதானே?"

"கேட்டது."

"ஒவ்வொரு நாளும் கேட்டது," என்றாள் நிலாணி. அவள் குரல் உயரவில்லை. அவன் மேல் வந்த கோபம் அவளுக்கே பயமாக இருந்தது. தன் மேல் வந்தது அதைவிடப் பெரிது. அவளுக்கும்தானே கேட்டது. அவன் முகமூடியை மறுபடி மேலே இழுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது.

அவள் இரண்டு கையையும் போர்வைக்கு வெளியே வைத்திருந்தாள், வயிற்றில் படாமல். ஆறு வருடமாகக் கேட்ட ஒன்றை இப்போது கேட்க முடியவில்லை. இருக்கட்டும் என்று நினைத்தால், டிரைவ்வேயில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த காலைகள் எல்லாம் கண்முன் வந்தன. இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தால் அந்த ஒற்றைக் கோடுகள் எல்லாம் வந்தன. கடைசியில் அவள் அதையும் நினைத்தாள். இல்லாமல் இருக்கட்டும். கடவுளே, இருக்கவேண்டாம்.

நேர்ஸ் வந்தாள். தலையை ஆட்டினாள். இல்லை, கர்ப்பம் இல்லை, நல்ல செய்தி என்றாள். மற்ற இரத்தச் சோதனையும் மோசமில்லை, விடிய வீட்டுக்குப் போகலாம் என்றாள். நிலாணி நன்றி சொன்னாள். முதலில் வந்தது ஆறுதல்தான். நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை இறக்கியது மாதிரி மூச்சு வந்தது. அந்த மூச்சு முடியும் முன்பே அழுகை வந்தது.

பக்கத்துக் கட்டிலில் சந்திரவதனா தலையைத் திருப்பினாள். நேர்ஸ் பேசிய ஆங்கிலம் அவளுக்கு முழுவதும் விளங்கியிராது. ஆனால் தலையாட்டல் விளங்கியது. அவள் முகமூடியை விலக்கினாள்.

"பிள்ளை."

"கழட்டாதேங்கோ மாமி."

"பொறு. இதைச் சொல்லிப்போட்டுத்தான் போடுவன்." அவள் மூச்சு வாங்கினாள். "ஆறு வருசமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முருகனட்டக் கேட்ட வாய் இது. இண்டைக்கு அந்தப் பனியில கிடக்கேக்க எனக்கு எல்லாம் விளங்கிப்போச்சு. அப்ப நான் என்ன கேட்டனான் தெரியுமே? உன்ர வயித்தில ஒண்டும் இருக்கக்கூடாதெண்டு கேட்டன். ஒண்டும் இல்லாமல் இருந்தால் உனக்குக் காவடி எடுக்கிறன் முருகா எண்டு நேர்த்தியும் வைச்சுப்போட்டன். அதை உன்னட்டச் சொல்லாமல் நான் வீட்டை வரேலாது."

நிலாணி கட்டில் இடைவெளியில் கையை நீட்டினாள். அந்தக் கை எட்டியது.

"நானும் அதைத்தான் கேட்டனான், மாமி," என்றாள்.

நேர்ஸ் வந்து, சந்திரவதனாவின் முகமூடியைச் சரியாகப் பொருத்திவிட்டு, பிடித்திருந்த கைகளைப் பிரிக்காமல் போனாள்.